பம்பாய்த் தண்ணீர்

நீலசந்திரா, பெங்களூர்
வெள்ளிக்கிழமை, மத்தியானம்

அன்பு மகள் ரூபினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உத்தமன் மாமா வீட்டாரும் சுகமாகத்தான் இருக்கிறோம், என் முட்டி ஒன்றுதான் மாடிப்படி ஏறும்போதெல்லாம் முனகிக்கொண்டு வருகிறது. லீட்ஸில் நீ சுகம் என்பதை ரூத் அத்தை சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன், நீயாக என்னோடு பேசி இன்றோடு ஒன்பது நாள். கோபம் என்று தெரியும். போனில் சொல்லலாம் என்று நாலு தடவை எடுத்தேன். சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், நான் குரலை உயர்த்துவேன், அப்புறம் இரண்டு பேரும் நெட்வொர்க் மேல் பழியைப் போட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் பேப்பரும் பேனாவும். எழுதிக் கொடுங்கள் அத்தை, போட்டோ எடுத்து ஒரே நிமிஷத்தில் அனுப்பிவிடுகிறேன் என்றாள் சங்கமித்ரா. உன் மாமன் மகளுக்கு எதையும் அனுப்புவதற்கு முன்னால் படிக்கிற வியாதி உண்டு, வேண்டாம் என்றுவிட்டேன். ஸ்பீடு போஸ்ட்டில் வருகிறது. ஸ்கூலில் கன்னடம் இருக்கிறது, வீட்டில் தமிழ் எதற்கு என்று நீ காலை உதைத்து அழுதபோதும் விடாமல் எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தேனே, அது இன்றைக்கு உதவட்டும். மெதுவாகப் படி. நடுவில் நிறுத்தாதே.

ஊர்ச் செய்தி என்றால், நம் தெருவை மறுபடியும் தோண்டிவிட்டார்கள். போன வருஷம் குடிதண்ணீர்க் குழாய்க்கு, இந்த வருஷம் எதற்கு என்று தோண்டுகிறவர்களுக்கே தெரியவில்லை, கேட்டால் கன்னடத்தில் கொத்தில்லம்மா என்று கையை விரிக்கிறார்கள். உத்தமன் மாமா ஆட்டோவை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வருகிறார், வந்து அரைமணி நேரம் கார்ப்பரேஷனைத் திட்டிய பிறகுதான் காபி டம்ளரைத் தொடுகிறார். வெள்ளிக்கிழமை விளக்கு மட்டும் நிற்கவில்லை. குத்துவிளக்கு ஒன்று, உன் அப்பாவின் மெழுகுவர்த்தி இரண்டு, பேக்கரி பன் இரண்டு, எல்லாம் அதே இடத்தில்தான் வைக்கிறேன். அப்போது பாடுகிற அந்த ஜெபப் பாட்டு எனக்கு வராது, நீ பத்து வயதில் பாடி அப்பா பதிந்து வைத்ததைப் போனில் போடுகிறேன். நடுவில் நீ தும்முவாய், அப்பா சிரிப்பார், அது வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் பன்னைப் பிய்ப்பேன். உன் கல்யாணத்தை ஆகஸ்டு கடைசிக்குத் தள்ளியது பற்றி அத்தை சொன்னார். உங்கள் யூதர்களுக்கும் அந்த ஜூலை மாத மூன்று வாரம் ஆகாதாமே, நம் ஆடி மாதிரியே. இந்த ஒரு விஷயத்திலாவது இரண்டு பக்கமும் சண்டை போடாமல் ஒத்துப்போகிறது என்று மாமாவிடம் சொன்னேன். அவர் புத்தரைக் கும்பிடுகிறவர், எங்களுக்கு எல்லா மாதமும் நல்ல மாதம்தான் என்கிறார்.

சரி, சுற்றி வளைத்தது போதும். நேதனையும் உன்னையும் உட்கார வைத்துக் கல்யாணம் நடத்தப் போகிற யூத குரு, அந்த ரபி, உன் அம்மா மதம் மாறியதற்கான பம்பாய்க் காகிதத்தைக் காட்டு என்று கேட்டார், நீ என்னிடம் ஸ்கேன் பண்ணி அனுப்பு என்றாய். நான் முதல் நாள் பீரோவில் தேடுகிறேன் என்றேன். இரண்டாம் நாள் டிரங்குப் பெட்டி என்றேன். மூன்றாம் நாள் கறையான் அரித்திருக்கும் என்றேன், நீ அம்மா எதையோ மறைக்கிறாய் என்று சொல்லி வைத்துவிட்டாய். மறைக்கத்தான் செய்தேன். ரூபினி, அப்படி ஒரு காகிதமே கிடையாது. நான் பம்பாய்க்குப் போனது நிஜம். மதம் மாறுகிறவர்கள் முழுகி எழுகிற அந்தத் தண்ணீரில் இறங்கவில்லை. இருபத்தெட்டு வருஷமாக உன்னிடம் சொன்னது பொய்.

ஏன் என்று நீ கேட்பாய், அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நானும் உன் அப்பாவும் சண்டையில் ஆரம்பித்தவர்கள் என்று உனக்குத் தெரியும். பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் நான் லைன் சூப்பர்வைசர், அவர் இங்கிலாந்துக் கம்பெனிக்காகத் துணி செக் பண்ண வந்தவர். பட்டன் தையல் சரியில்லை என்று என் லைன் சட்டை மொத்தத்தையும் திருப்பினார். ஒரு சட்டையை எடுத்து அவர் முன்னால் பட்டனைப் பிடித்து இழுத்துக் காட்டினேன், துணி கிழிந்தது, பட்டன் வரவில்லை. தன் தாத்தா லீட்ஸில் டெய்லர், அவர் தைத்த பட்டனும் இப்படித்தான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ரிஜிஸ்டர் ஆபீஸில் ஒரு கல்யாணம், அப்புறம் இங்கே வீட்டில் தாலி. தாலி எதற்கு என்று மாமாவே கேட்டார், நான்தான் பிடிவாதமாகக் கேட்டேன். தெருவே சேர்ந்து வேடிக்கை பார்க்கும்போது ஒரு வெள்ளைக்காரரோடு சும்மா போய்விட்டாள் என்று எவளும் என்னைச் சொல்லக்கூடாது என்பது எனக்கு. அவர் மூன்று முடிச்சும் போட்டுவிட்டு, தாங்குமா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார், பட்டன் பார்க்கிற மாதிரி. கூட்டமே சிரித்தது.

அவர் என்னை மாறு என்று ஒரு நாளும் கேட்டதில்லை, அதை உன் மனதில் எழுதி வைத்துக்கொள். நீ வயிற்றில் தங்கியதும் நான்தான் கேட்டேன். அம்மா யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர், அப்பா யாராக இருந்தாலும் அது செல்லாது என்பது உங்கள் சட்டம். பிள்ளை பிறப்பதற்கு முன் நான் மாறிவிட்டால் நீ பிறக்கும்போதே அவர்களில் ஒருத்தி. லீட்ஸில் அவருடைய அம்மா அப்போது கடிதம் போடுவதையே நிறுத்தியிருந்தார். அவர் சாயங்காலம் வந்ததும் முதலில் தபால் வந்ததா என்று பார்ப்பார், பார்க்காத மாதிரிப் பார்ப்பார். எனக்குப் பொறுக்கவில்லை. அதற்கு முன்பே ஒரு வருஷமாக அவரிடம் எல்லாம் படித்திருந்தேன், பாலும் கறியும் சேர்க்காதது, சனிக்கிழமை அடுப்பு மூட்டாதது எல்லாம். வெளியூர் ரபிகள் மூன்று பேர் பம்பாய்க்கு வந்திருக்கிறார்கள் என்று தகவல் வந்தது. அவருக்கு ஷிப்மென்ட் வாரம், நகர முடியாது. என் சிநேகிதி பவுலின் ஆன்ட்டியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். சர்ச்சுக்குப் போகிறவள் என்னை யூதர் ஆக்கக் கூட்டிப் போகிறாள் என்று வழியெல்லாம் அவளே சிரித்துக்கொண்டு வந்தாள்.

அந்த மூன்று பேரும் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். நல்லவர்கள். ஒருவர் என் பதிலைக் கேட்டுத் தலையாட்டினார்கூட. அப்புறம் தண்ணீர். அங்கே பார்த்துக்கொள்கிற அம்மா ஒருவர் என்னைச் சின்ன அறைக்குக் கூட்டிப்போய் ஒவ்வொன்றாகச் சொன்னார். துணி வேண்டாம், வளையல் வேண்டாம், தோடு, மெட்டி, ஹேர்பின் வேண்டாம், நகச்சாயம்கூடக் கூடாது. உடம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு நூலும் இருக்கக்கூடாதாம். எல்லாம் கழற்றினேன். கடைசியில் என் கழுத்தைக் காட்டினார். இதை யாரும் எனக்கு முன்னால் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தோன்றவே இல்லை, அவருக்கு அது ஒரு சங்கிலி. புருஷன் உயிரோடு இருக்கும்போது தாலியை எவள் கழற்றுவாள்? அதுவும் அவர் ஓர் ஊரில், நான் ஓர் ஊரில், வயிற்றில் இரண்டு மாதப் பிள்ளை. ஒரே ஒரு நிமிஷம்தான் வனஜா, நான் கையிலேயே வைத்திருக்கிறேன், கீழேகூட வைக்கமாட்டேன் என்று பவுலின் கெஞ்சினாள். அந்த அம்மாவும் எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, யோசித்துச் சொல் என்றார். கொக்கியில் கை வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். துண்டைச் சுற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு மூட நம்பிக்கை ஜாஸ்தி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்குத்தான் தெரிந்தது எவ்வளவு என்று. எழுந்து புடவையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ரயிலில் வரும்போது உண்மையைத்தான் சொல்ல நினைத்தேன். சிட்டி ஸ்டேஷனில் அவர் பிளாட்பாரத்தில் நின்றார், என் பையை வாங்கிக்கொண்டார், தண்ணீர் குளிராக இருந்ததா என்று கேட்டார். ஆமாம், ஐஸ் மாதிரி என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவ்வளவுதான். காகிதம் எங்கே என்றதற்குத் தபாலில் வரும் என்றேன். அவர் அப்புறம் கேட்கவில்லை. லீட்ஸுக்கு மட்டும் காகிதம் வந்துவிட்டதாக எழுதியிருக்கிறார், அவருடைய அம்மா நீ பிறந்த மூன்றாம் மாதம் விமானம் ஏறி வந்து உன்னை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அந்த அழுகைக்கு முன்னால் போய் எப்படிச் சொல்வேன்? இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாள் போய்விட்டது.

நீ வளர வளர அந்தப் பொய்யை நீ எடுத்துக்கொண்டாய், அதுதான் என்னால் தாங்க முடியாதது. நம் தெருப் பிள்ளைகள் உன்னை வெள்ளச்சி என்றார்கள். பத்து வயதில் லீட்ஸுக்குப் போனபோது அங்கே ஒரு பிள்ளை, இந்தக் கறுப்புப் பெண்ணைத் தத்து எடுத்தீர்களா என்று அத்தையிடம் கேட்டது. இங்கே ஸ்கூல் ஃபாரத்தில் உன்னைப் பார்த்ததுமே கிறிஸ்டியன் என்று எழுதிவிட்டார்கள், அப்பா போய் அடித்து எழுதச் சொன்னால் யூதருக்குக் கட்டமே இல்லை என்று இதரர் என்று போட்டார்கள். உங்கள் எட்டு நாள் பஸ்கா பண்டிகைக்கு ரூத் அத்தை வந்திருந்தபோது அரிசியே கூடாது என்றார், எட்டு நாள் சோறில்லாமல் நீலசந்திராவில் ஒரு வீடா என்று நான் சண்டைக்குப் போனேன், நீ அத்தையோடு உருளைக்கிழங்கும் தின்றாய், என் மனம் நோகக்கூடாதென்று சமையலறையில் வந்து ஒரு கவளம் சோறும் தின்றாய். பதிமூன்று வயதில் மாமா ஆசையாக ஒற்றைக்கல் மூக்குத்தி வாங்கி வந்து குத்த வைத்தார், அப்பா உன் கையைப் பிடித்துக்கொண்டு உன்னைவிட அதிகமாக முகம் சுளித்தார். அதை இந்த நாள் வரைக்கும் நீ கழற்றியதில்லை. இரண்டு பக்கத்தையும் தூக்கிக்கொண்டு நடந்த பிள்ளை நீ. யார் எப்போது சந்தேகப்பட்டாலும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரே பதில் சொல்வாய், எங்கம்மா பம்பாய்ல முழுகிட்டு வந்தவங்க, நான் முழு யூதர் என்று. நீ அதைச் சொல்லும்போதெல்லாம் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். உனக்கு ஞாபகம் இருக்கும், அம்மாவுக்கு ஏதோ தீய்கிறது என்று சிரிப்பாய்.

இனிமேல் சொல்வது இன்னும் கஷ்டம். உன் அப்பாவுக்குத் தெரியும். கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தாரே, நீ பரீட்சைக்குப் போயிருந்த ஒரு காலையில் அவருக்கு உடம்பு துடைத்துவிட்டேன். நர்ஸ் கொண்டுவந்த தண்ணீர் ஆறிப்போயிருந்தது, அதற்கு அவளைத் திட்டினேன். என்ன வனஜா, பம்பாய்த் தண்ணி மாதிரி இருக்கா என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். அங்கே வெந்நீர்க் குழாய் உண்டு, தொட்டியில் எப்போதும் இளஞ்சூடுதான் என்றார். நான் ரயிலில் வந்துகொண்டிருக்கும்போதே பம்பாயிலிருந்து ஃபேக்டரி ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டார்களாம். பிளாட்பாரத்தில் தெரிந்துகொண்டுதான் நின்றிருக்கிறார். இருபத்திரண்டு வருஷம் ஏன் கேட்கவில்லை என்று அழுதேன். எனக்கு ஏதாவது ஆயிடும்னு பயந்து வந்தவ கிட்ட நான் என்னன்னு சண்டை போடறது என்றார், அவருடைய அந்தத் தமிழில். ஆனால் ரூபிக்குச் சொல்லிடு, நான் சொன்னா உன்னைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகும், நீயே சொல்லு என்றும் சொன்னார். ஆகட்டும் என்றேன். அது நடந்து ஆறு வருஷம். நீ லீட்ஸுக்குப் படிக்கப் போகும்போது ஏர்போர்ட்டில் சொல்ல நினைத்து, ஊறுகாய் பாட்டிலை நன்றாக மூடினாயா என்று கேட்டு அனுப்பிவிட்டேன். அவர் சொல்லச் சொன்னதைச் சொல்லாதது அந்தப் பழைய பொய்யைவிடப் பெரிய தப்பு. அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உடனே மன்னிக்க வேண்டாம், உனக்குத் தோன்றும்போது செய்.

உனக்கு முன்னால் ரூத் அத்தையிடம் திங்கட்கிழமை சொல்லிவிட்டேன், அதற்கும் கோபித்துக்கொள்ளாதே. கூடப்பிறந்த என்னிடம்கூடச் சைமன் இதைச் சொல்லவில்லையே என்று மட்டும் கேட்டார், அழுதார் என்று நினைக்கிறேன். உன்னிடம் நான் சொல்லும் வரை வாயைத் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். இப்போது நான் போய் முழுகினால் ஆகுமா என்று கேட்டேன். இப்போது என்னைத் தடுக்கக் கழுத்தில் ஒன்றும் இல்லை. அப்பா போன மூன்றாம் நாள், நீங்களெல்லாம் உங்கள் துக்க வழக்கப்படி முன்னறையில் தரையில் உட்கார்ந்திருந்தபோது, நானே குளியலறையில் யாருக்கும் சொல்லாமல் கழற்றினேன். நாலு பெண்கள் சேர்ந்து கழற்றுகிற சடங்கு எனக்கு வேண்டாம். கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். அது நிஜமாகவே ஐஸ் மாதிரிதான் இருந்தது. ஆனால் இப்போது நான் மாறினால் அது எனக்கு மட்டும்தானாம், பிறந்துவிட்ட பிள்ளைக்குச் சேராதாம். பஸ் போன பிறகு கை காட்டின கதைதான்.

ஆக, நீயேதான் இறங்க வேண்டும். காகிதம் இல்லை என்று ரபியிடம் தைரியமாகச் சொல். ரபி கெட்டவர் இல்லை என்கிறார் அத்தை. சில மாதம் அவர்களோடு படிக்க வேண்டுமாம், எல்லாம் அப்பா உனக்குச் சிலேட்டில் எழுதிக் காட்டிய பாடம்தான். அப்புறம் மூன்று பேர் கேள்வி, அப்புறம் தண்ணீர். கல்யாணம் தை மாதத்துக்குப் போனால் போகட்டும், எனக்கும் விசா எடுக்க நேரம் கிடைக்கும். நேதன் என்ன சொல்வான் என்று அத்தையைக் கேட்டேன், காத்திருப்பான் என்றார். காத்திருக்காவிட்டால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. பிறந்ததிலிருந்து நீ யாரோ அதைப் போய்ப் புதிதாக ஆகச் சொல்கிறார்களே என்று உனக்கு எரியும். எனக்கும் எரிகிறது. இரண்டு நாள் எரியட்டும், அப்புறம் போ. முழுகினவர்களுக்குக் காகிதத்தில் அப்பா அம்மா பெயராக ஆபிரகாம், சாரா என்றுதான் எழுதுவார்களாமே. அதைக் கேட்டதும் கொஞ்சம் சுருக்கென்றது, பொய் சொல்லவில்லை. எழுதட்டும். உன் பாஸ்போர்ட்டில் நான்தான் இருக்கிறேன், சாராவா உனக்கு அம்மை போட்டபோது வேப்பிலை அரைத்தாள்?

ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், எனக்கு யாரும் சொல்லாததால். அந்த மூக்குத்தி. அதையும் கழற்றச் சொல்வார்கள். முந்தின நாளே உள்பக்கம் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவிடு, இத்தனை வருஷம் கழற்றாத திருகு, முரண்டு பிடிக்கும். வெளியே கல்லைப் பிடித்துக்கொண்டு உள்ளே திருகை மெல்லத் திருப்பு, அவசரப்பட்டுக் கிள்ளாதே, புண்ணாகும். கழற்றி ரூத் அத்தை கையில் கொடு, சோப்பு டப்பா மேல் வைக்காதே. ஏறி வந்ததும் முதலில் அதைப் போட்டுக்கொள், ஓட்டை சீக்கிரம் தூர்ந்துவிடும். மாமாவிடம் சொல்லிவிட்டேன், கழற்றினால் என்ன, மூக்கு அங்கேயேதானே இருக்கும் என்கிறார். கழற்றினால் அம்மாவுக்கு ஏதாவது ஆகுமோ, நம்மவர்களை விட்ட மாதிரி ஆகுமோ என்று யோசித்துக்கொண்டு என்னைப் போல ஸ்டூலில் உட்கார்ந்துவிடாதே. எனக்கு ஒன்றும் ஆகாது. நான் இங்கே நன்றாகத்தான் இருப்பேன். கழற்றிவிட்டு இறங்கு.

நீயும் நேதனும் நூறு வயது நோய்நொடி இல்லாமல் வாழ வேண்டும், உன் அப்பாவின் கடவுளும் என் மாரியம்மனும் மாமாவின் புத்தரும் ஆளுக்கொரு பக்கம் நின்று பார்த்துக்கொள்ளட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள். இன்றைக்கு விளக்கேற்றும்போது உனக்கும் சேர்த்துக் கும்பிடுகிறேன். தண்ணீரிலிருந்து ஏறியதும் எனக்குப் போன் பண்ண மறக்காதே. அது சூடா, குளிரா என்று நம் வீட்டில் ஒருத்தராவது உண்மையைச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
எந்தக் காகிதத்தில் யார் பெயர் இருந்தாலும்
உன் அம்மா,
வனஜா